மூடிவைத்த கூரை

தராசுக்கு எதையும் ஒரு தடவை பார்த்தால் போதாது. கடைக்காரர் கொடுக்கும் சில்லறையைக் கடையிலேயே எண்ணுவார், வீட்டுக்கு வந்து மறுபடியும் எண்ணுவார். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை மருந்துக்கடைக்காரரிடம் காட்டி, இது சரியான மாத்திரைதானா என்று விசாரிப்பார். அவர் சரிதான் என்றால், இரண்டு பேரும் கூட்டு என்று முடிவு கட்டிவிடுவார். ரேடியோவின் வானிலை அறிக்கைக்கும் அதே கதிதான். புயல் இல்லை என்று ரேடியோ சொல்கிற அன்றைக்குத்தான் அவர் கூரைக் கயிறுகளை இழுத்துப் பார்ப்பார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை, பார்க்கிற வேலை அப்படி. மீன் இறங்குதுறையில் எடை போடுகிறவர் அவர். தராசு என்று ஊர் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டு, கடைசியில் அவர் மனைவியே வெளியாரிடம் பேசும்போது 'எங்க தராசு' என்று சொல்லும்படி ஆகிவிட்டது. விடிகிற நேரத்தில் படகுகள் வந்து சேரும். படகுக்காரர்கள் கூடைக்கு அடியில் ஐஸைக் கொட்டி மேலே மத்தியைப் பரப்பிக் கொண்டுவருவார்கள். வாங்குகிற வியாபாரிகள் பேச்சுக்கொடுத்தபடியே தட்டுக்கு அடியில் முழங்காலை முட்டுக்கொடுப்பார்கள். படகுக்காரர்களுக்கு எடை கூட வேண்டும், வியாபாரிகளுக்குக் குறைய வேண்டும். நடுவில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, மீன் செதில் ஒட்டிய கையோடு, கண்கொத்திப் பாம்பாக நிற்பவர் இவர்.

ஈரச் சாக்கு போட்டு மூடி வந்த கூடை என்றால் அவரிடம் தனிச் சட்டம் உண்டு. சாக்கைத் தூக்கிப் பார்க்க மாட்டார். அப்படியே எடை போட்டு, அதில் ஒரு கிலோவைக் கழித்துத்தான் சொல்வார்.

"தொறந்து பாருங்க, உள்ள மீனைத் தவிர ஒண்ணுமில்ல. வெயில் படாம இருக்கத்தான் சாக்கு" என்று படகுக்காரர் கெஞ்சுவார்.

"ஒண்ணுமில்லன்னா எதுக்கு மூடுற?" என்பார் தராசு. "மூடும்போதே உன் மனசுல ஏதோ இருந்திருக்கு."

இப்படிப்பட்ட மனிதருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வீட்டு இன்சூரன்ஸுக்கு இந்த வருஷம் கட்டவேண்டிய பணம், போன வருஷத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அதில் போட்டிருந்தது.

அவர் வீட்டுக்குள் வந்தபோது முன்னறை முழுவதும் நீலத் தார்ப்பாய் விரிந்து கிடந்தது. அவர் மனைவி லாரிகளுக்கும் படகுகளுக்கும் தார்ப்பாய் தைப்பவர். கட்டில், நாற்காலி எல்லாவற்றையும் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, நடுவில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்தார். அந்த மெஷின் ஓடினால் அடுக்களையில் தம்ளர்கள் ஆடும். தராசு செருப்பைக் கழற்றிவிட்டுத் தார்ப்பாயின் ஓரமாக நடந்துவந்து, கடிதத்தை மெஷின் மேல் வைத்தார்.

"என்னவாம்?"

"நீயே படி."

படித்தார். மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தார். "புயல் வர்ற ஊரு. வருஷா வருஷம் ஏத்துறதுதானே."

"ஏத்துறது தெரியும். இது ஏத்துறதா? இது அடிக்கிறது."

"எல்லாருக்கும்தான் ஏத்தியிருப்பாங்க."

"அங்கதான் விஷயமே இருக்கு" என்று தராசு குரலைத் தாழ்த்தி, அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தார். "தபால்காரர்கிட்ட கேட்டேன். அதே மாதிரி கவர் அவனுக்கும் வந்திருக்கு. அவன் வாசல்லயே பிரிச்சுப் பாத்துச் சிரிச்சிருக்கான். சிரிச்சானாம்."

அடுத்த வீடு தம்பியுடையது. அப்பா விட்டுப்போன ஒரே மனையில் இரண்டு பேரும் பேங்க் கடன் வாங்கி, நடுச்சுவர் ஒன்றாக வைத்து ஒரே வருஷம் கட்டிய வீடுகள். கூரைத் தகரம் ஒரே லாரியில் வந்து இறங்கியது. நடுச்சுவரில் ஒரு கதவு வைத்திருந்தார்கள். எந்தப் புயலுக்கு யார் வீடு தாங்குமோ, அந்தப் பக்கம் ஓடிக்கொள்ளலாம் என்று அப்போது பேச்சு. தச்சர் இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தார். இரண்டுமே பூட்டப்பட்டதில்லை. தம்பி பக்கத்துத் தாழ்ப்பாள் மேலேயே பெயின்ட் அடித்து, அது அசைக்க முடியாமல் ஒட்டிப்போய்க் கிடந்தது. தம்பி வேன் ஓட்டுகிறவன், அவன் மனைவி கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவள். இரண்டு பேரும் வரத் தாமதமாகும் என்பதால், அவர்களுடைய சின்னப் பெண் சாயங்காலமானால் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, பெரியம்மா தனக்கென்று வைத்திருக்கும் சின்னத் தட்டில் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்.

இன்சூரன்ஸ் கட்டாமல் விடலாமா என்றால் அதுவும் முடியாது. கடன் தீராத வீட்டுக்கு இன்சூரன்ஸ் இல்லையென்றால், பேங்க் தானாக ஒன்றை எடுத்து, அதன் செலவையும் கடன்காரன் தலையில் கட்டிவிடும். செலவில் அது இதற்கு அண்ணன். அந்தத் தெருவில் கடலைப் பார்த்திருந்த வீடுகளில் சில அப்படித்தான் கைமாறின. புயல் கொண்டுபோகாத வீட்டை இன்சூரன்ஸ் கொண்டுபோனது என்று தெருவே பேசியது. அடுத்தது நம் வீடுதான் என்று தராசு முடிவு கட்டிவிட்டார். இந்த வீடு போனால் இந்த வயதில் இன்னொன்று கட்ட முடியாது.

"நீங்க போய்த் தம்பிகிட்டயே கேளுங்களேன்" என்றார் மனைவி.

"எதுக்கு? பொய் சொல்றதுக்கு அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கவா?"

"அவரு என்னத்தப் பொய் சொல்லப்போறாரு?"

"ஒரே தகரம், ஒரே சுவரு. எனக்கு மட்டும் ஏன் ஏறுது? ரெண்டு வருஷம் முன்னாடி, போன புயல்ல நம்ம வீட்டுத் தகரம் பறந்தது கம்பெனிக்குத் தெரியுமா? தெரியாது. நாமதான் கிளெய்ம் பண்ணலியே. பண்ணினா ரேட் ஏத்துவான்னு கைக்காசைப் போட்டு மாட்டினோம். அது யாருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டுக்குத் தெரியும். அவ வேலை பாக்குற ஜெராக்ஸ் கடை எங்க இருக்கு?"

மனைவிக்கும் அது தெரியும். ஜெராக்ஸ் கடை இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு நேர் கீழே இருந்தது.

"ஆபீஸ்காரங்க காப்பி எடுக்க அவகிட்டதான் வருவாங்க" என்றார் தராசு. "நின்னு பேசுவாங்க. வாய் சும்மா இருக்குமா?"

"அவ அப்படிப்பட்டவ இல்லீங்க."

"எப்படிப்பட்டவ? போன வருஷம் தார்ப்பாய் கேட்டாளே, நாம குடுக்கலியே. மனசுல இருக்காதா?"

அது உண்மைதான். போன வருஷம் புயல் காலத்துக்கு முன்னால் தம்பி மனைவி வந்து, "அக்கா, எங்க கூரைக்கும் ஒண்ணு தைச்சுக் குடுங்களேன், துணிக்காசை மாசா மாசம் குடுத்துடுறேன்" என்று கேட்டாள். மனைவி சரி என்று தலையாட்டும் முன்பே தராசு இடையில் புகுந்து, மாசா மாசம் என்று ஆரம்பிக்கிறது எங்கே போய் முடியும் என்று தனக்குத் தெரியும் என்றார். தம்பி கூரை அப்படியே இருந்துவிட்டது. தராசு வீட்டுக் கூரைக்கு மட்டும் மனைவி கைப்படத் தைத்த நீலத் தார்ப்பாய் ஏறியது. ஓரம் இரட்டை மடிப்பு, சுற்றிலும் பித்தளை வளையம், வளையத்துக்கு வளையம் கயிறு. மேலே பழைய லாரி டயர்கள். அந்தத் தெருவில் அவ்வளவு பாதுகாப்பான கூரை வேறு கிடையாது. ரேடியோவை நம்பாததால் மற்றவர்களுக்கு முன்னாலேயே கட்டிவிடுவார். இந்த வருஷமும் வெயில் காலம் முடியும் முன்பே கட்டியாகிவிட்டது.

மறுநாள் இறங்குதுறையில் கூட்டம் இல்லை. கடல் கலங்கியிருந்ததால் பாதிப் படகுகள் போகவில்லை. ஐஸ் உடைக்கிறவர் மரச்சுத்தியலைத் தலைக்கு அடியில் வைத்துப் படுத்திருந்தார். தராசு அவரிடம் டீயை நீட்டி, விஷயத்தைச் சொன்னார்.

ஐஸ்காரர் எழுந்து உட்கார்ந்து டீயை ஊதினார். "உன் வீட்டு ஓட்டை யாருக்குத் தெரியும்? பக்கத்துல இருக்கிறவனுக்குத்தான் தெரியும்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"என் மச்சினன் வீட்டுக்கும் இப்படித்தான் ஏறுச்சு. அவன் சண்டை போட்டான். என்னமோ மேலேர்ந்து படம் புடிச்சோம்னு சொன்னாங்களாம்."

"மேலேர்ந்துன்னா?"

"மேலேர்ந்துதான். ஆகாசத்துலேர்ந்து."

"ஆளுங்க போட்டுக் குடுக்கிறதை மறைக்க இப்படி ஒரு கதை கட்டுவானுங்க" என்றார் தராசு. ஐஸ்காரர் அதற்கு மேல் வாதாடவில்லை. டீ வாங்கிக் கொடுத்தவரோடு வாதாடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

அன்றைக்குத் தராசு கைக்கு வந்த கூடைகளுக்கெல்லாம் கெட்ட காலம். மூடாத கூடைக்கும் கழித்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேராக நடுச்சுவர்க் கதவுக்குப் போய், தன் பக்கத்துத் தாழ்ப்பாளை இழுத்துப் பூட்டினார். அது பூட்டப்பட்ட முதல் நாள் அதுதான். மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பாப்பா சாப்பிட வருமே."

"தெரு இருக்கு. சுத்திக்கிட்டு வரட்டும்."

"எட்டு வயசுப் பொண்ணு மேல என்னங்க கோபம்?"

"கோபம் இல்ல. நம்ம வீட்டுல நடக்கிறது இனிமே நம்ம வீட்டோட இருக்கட்டும்."

கொஞ்ச நேரத்தில் கதவு லேசாக அதிர்ந்தது. பிறகு விரல்மூட்டால் தட்டும் சத்தம். "அக்கா, மாமா இருக்காங்களா? ஒரு விஷயம் சொல்லணும்" என்று தம்பி மனைவியின் குரல் கேட்டது.

மனைவி எழுந்தார். தராசு கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"மாமா?"

தராசு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். கடலில் காற்றழுத்தத் தாழ்வு எதுவும் இல்லை என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. தட்டுவது நின்றது. அன்றைக்குப் பாப்பா தெரு வழியாகவும் வரவில்லை. மனைவி எடுத்துவைத்த சின்னத் தட்டைத் திரும்பக் கவிழ்த்து வைத்தார். அன்றைக்கு அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் பொதுக் குழாயடியில் தம்பி வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்ததும் குழாயை மடக்கித் தண்ணீரை நிறுத்தினான்.

"அண்ணே, கதவு என்ன, சிக்கிக்கிச்சா? பாப்பா தள்ளித் தள்ளிப் பாத்துச்சு."

"மழைக்காத்துல மரம் உப்பியிருக்கும்."

"நான் வேணா கொஞ்சம் இழைச்சு விடட்டா?"

"வேண்டாம். சரியாயிடும்." தராசு வேனின் சக்கரத்தைப் பார்த்தபடி கேட்டார். "உனக்கு இன்சூரன்ஸ் வந்துச்சாமே."

"ஆமாண்ணே. கொஞ்சந்தான் ஏத்தியிருக்காங்க. எங்க பொழைக்கப்போறோம்னு பயந்துக்கிட்டிருந்தேன். பிரிச்சதும் சிரிப்பே வந்துடுச்சு. உங்களுக்கு?"

"எனக்கும் கொஞ்சந்தான்" என்றார் தராசு. சொல்லிவிட்டுத் தம்பியின் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் சந்தோஷத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. இவ்வளவு நடிக்கிறவன் எதையும் செய்வான் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கு மத்தியானம் குளித்து, மீன்வாடை போகச் சோப்பைத் தேய்த்து, வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போனார். ஜெராக்ஸ் கடையைக் கடக்கும்போது தலையைத் திருப்பவில்லை. மாடியில் கண்ணாடி போட்ட ஒரு பெண் கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஏர்கண்டிஷன் குளிரில் தோளில் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தாள். சொல்வதை முழுவதும் கேட்கிற பெண்ணாக இருந்தாள். தராசுக்கு அது பிடிக்கவில்லை. பொறுமையாகக் கேட்கிறவர்களை அவர் நம்புவதில்லை.

"உங்க பக்கத்து வீட்டுக்கு ஏன் கம்மின்னு கேக்கிறீங்களா சார்?"

"ஆமா. அவன் வீடு என்ன தங்கத்துல கட்டினதா? சொல்றேன் கேளுங்க. மேற்கு ஓரத்துல தகரத்துக்குக் கொக்கியே கிடையாது. போன புயல்ல ஆட்டம் கண்டதும் கம்பியைச் சுத்தி முடிச்சுப் போட்டு வச்சிருக்கான். அடியில பூரா துரு. நானே ஏறிப் பாத்தவன். ஒரு காத்துக்குத் தாங்காது அது. அதுக்குக் கம்மி, எனக்கு அதிகமா?"

அந்தப் பெண்ணின் விரல்கள் கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தன. "மேற்கு ஓரமா சார்?"

"மேற்கு ஓரம். முழுசா."

"சரி. இப்ப உங்க வீட்டைப் பாக்கலாம்" என்று சொல்லி, கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

மேலேயிருந்து எடுத்த படம் அது. முதலில் தராசுக்கு எதுவும் பிடிபடவில்லை. பிறகு குழாயடி தெரிந்தது, தம்பியின் வேன் பொம்மை மாதிரி தெரிந்தது. தம்பி கூரை வெயிலில் பளபளவென்று தகரமாக இருந்தது. பக்கத்தில் ஒரு கூரை முழுக்க நீலம். அதன் மேல் கறுப்பு வட்டங்கள். அவை டயர்கள் என்பது அவருக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

"உங்க கூரை போன புயல்ல போயிருக்கு, இன்னும் மாத்தாம தார்ப்பாய் போட்டு வச்சிருக்கீங்கன்னு எடுத்திருக்காங்க சார். பறக்கிற கேமரா படத்தை வச்சுத்தான் இப்பல்லாம் ரேட் போடுறது. தார்ப்பாய் தெரிஞ்சா சேதமான கூரைன்னு கணக்கு."

"சேதம் ஒண்ணும் இல்லம்மா. அடியில புதுத் தகரம். காத்துக்குத் தாங்கணும்னு மேல கட்டினது."

"இருக்கலாம் சார். மூடியிருந்தா உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதே."

தராசு கம்ப்யூட்டரில் தெரிந்த நீலத்தை மறுபடி பார்த்தார். படகுக்காரர்கள் கெஞ்சுகிற முகங்கள் அவர் கண்முன் வந்து போயின. ஈரச் சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் எப்படி நிற்பார்களோ, அப்படித்தான் தான் நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது.

"அப்ப யாரும் எதுவும் சொல்லலியா?" என்று கேட்டார்.

"யாரு சொல்லணும் சார்?"

தார்ப்பாயை எடுத்துவிட்டால் மறுபடி படம் எடுப்பார்கள், தகரம் நன்றாக இருந்தால் பணம் குறையும் என்று அந்தப் பெண் விளக்கினாள். கேமரா எந்த நாள் வரும் என்று சொல்ல முடியாது, இந்த மாதத்துக்குள் வரும், அதுவரை கூரை திறந்தே இருக்க வேண்டும் என்றாள். தராசு தலையாட்டிவிட்டு எழுந்தார். பாதி தூரம் போய்த் திரும்பி வந்தார்.

"நான் பக்கத்து வீட்டைப் பத்திச் சொன்னதை எடுத்துடும்மா. கோபத்துல சொன்னது."

"பதிஞ்சாச்சு சார். புகார்னு வந்தா பாத்துத்தான் ஆகணும். உங்க வீட்டுக்கு வரும்போது அதையும் சேத்து எடுத்துடுவாங்க. பக்கத்துலதானே."

தராசு படியிறங்கி வந்தார். ஜெராக்ஸ் கடை வாசலில் தம்பி மனைவி மை படிந்த விரல்களோடு நின்றிருந்தாள். அவரைப் பார்த்துப் பக்கத்தில் வர நினைத்து, அவர் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். போட்டுக் கொடுத்தவரைத் தேடி அலைந்தார் தராசு. போட்டுக் கொடுத்தவர் இப்போது அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார். பிறகு மனைவியிடம் பாதியைச் சொன்னார், தார்ப்பாய்ப் பாதியை. தம்பி வீட்டைப் பற்றிச் சொன்ன மீதியை மறைத்துவிட்டார்.

மனைவி மெஷினை நிறுத்தினார். "அப்ப நான் தைச்சதாலதான் ஏறுச்சா?"

"உன் மேல என்ன தப்பு?"

"ஒரு வளையம்கூட விடாம பாத்துப் பாத்துத் தைச்சேன்" என்றார் மனைவி. கண் கலங்கியதை மறைக்க நூல்கண்டைத் தேடுவதுபோல் குனிந்தார். "புயலுக்குப் பயந்து இன்சூரன்ஸ் கட்டுறோம். இன்சூரன்ஸுக்குப் பயந்து கூரையைத் தொறந்து வைக்கணுமா? இது என்னங்க நியாயம்?"

"நியாயம் பாத்தா வீடு போயிடும்."

சாயங்காலம் கதவு தள்ளிய வேகத்தில் சுவரில் மோதியது. பாப்பா வந்து நின்று, "கதவு சரியாயிடுச்சா பெரியப்பா?" என்று கேட்டது. ஆயிடுச்சு என்றார் தராசு. பாப்பா தன் தட்டைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. மனைவி மீனில் முள் பார்த்துப் பார்த்து எடுத்துப் போட்டார். தராசு சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுமுறை நாள் காலையில் தார்ப்பாயை இறக்கினார்கள். தராசு ஏணியை எடுத்த சத்தம் கேட்டதுமே தம்பி கூப்பிடாமலேயே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான். கடல் பக்கமிருந்து காற்று சீராக வீசிக்கொண்டிருந்தது. வெயில் இருந்தும் அதில் ஒரு ஈரம் இருந்தது. காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது என்று ரேடியோ காலையில்தான் சொல்லியிருந்தது. முதல் தடவையாகத் தராசு ரேடியோவை அப்படியே நம்பினார்.

"என்னண்ணே, புயல் வர்ற நேரத்துல எல்லாரும் ஏத்துவாங்க, நீங்க இறக்குறீங்க" என்று தம்பி கீழேயிருந்து சிரித்தான். "ரேடியோகாரன் மேல அவ்வளவு கோபமா?"

தராசு டயர்களை ஒவ்வொன்றாக உருட்டிவிட்டார். தம்பி அவற்றைப் பிடித்துச் சுவரோரம் அடுக்கினான். கயிறுகளை அவிழ்த்ததும் தார்ப்பாய் காற்றில் உப்பி எழுந்தது. மனைவியும் தம்பி மனைவியும் கீழே நின்று ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். வெளியே வந்த தகரம் புதிதாக மின்னியது. அது அவ்வளவு அழகான கூரை என்பது தெருவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டு பெண்களும் மடிப்பதற்காகத் தார்ப்பாயை விரித்துப் பிடித்தார்கள். மனைவி சட்டென்று நின்றார்.

"ஏங்க, இதைத் தம்பி கூரைக்குப் போட்டா என்ன? அவங்களுக்குத்தான் இந்த வருஷத்துக்குப் பணம் கட்டியாச்சே. இனிமே யாரு வந்து பாக்கப்போறா? சும்மா மடிச்சு வைக்கிறதுக்கு அங்கயாவது இருக்கட்டும். காத்து பலமா வந்தா நாமளும் அங்கயே போய்ப் படுத்துக்கலாம்."

தம்பியின் முகம் மலர்ந்தது. "நிஜமாவா அண்ணி?"

"போன வருஷமே குடுத்திருக்கணும்" என்றார் மனைவி, கணவரைப் பார்க்காமல்.

தம்பி ஏணியைத் தன் வீட்டுப் பக்கம் தூக்கிச் சாத்திவிட்டான். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நான்கு படி ஏறியும்விட்டான்.

"வேண்டாம்" என்றார் தராசு.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"போடாத. இறங்கு."

தம்பி மனைவி கையிலிருந்த முனையைத் தரையில் விட்டாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள். "விடுங்க அக்கா. போன வருஷமும் மாமாவுக்கு இஷ்டமில்ல, இந்த வருஷமும் இல்ல. அவரு வீட்டுப் பொருள்."

இதோடு விட்டுவிடலாம் என்று தராசுக்குத் தோன்றியது. கஞ்சன் என்று நினைத்துக்கொள்ளட்டும், நேற்றுவரை அதுதானே பெயர். கேமரா வந்து போகும், தம்பிக்கு இன்னொரு கடிதம் வரும், யார் சொன்னார்கள் என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் மேற்கு ஓரத்தில் கொக்கியில்லாத தகரம் காற்றில் டப்டப்பென்று அடித்துக்கொண்டிருந்தது. படம் எடுக்கும் முன்னால் அதைச் சரி செய்ய வேண்டுமானால் தம்பிக்குத் தெரிந்தாக வேண்டும்.

"அதுக்கில்ல" என்றார். "கேமரா வரப்போகுது. உன் வீட்டுக்கும் வரும்."

"எனக்கு எதுக்குண்ணே வருது? எனக்குத்தான் முடிஞ்சுபோச்சே."

"புகார் போயிருக்கு. மேற்கு ஓரத்துல கொக்கி இல்ல, துருன்னு."

தம்பி ஏணியிலேயே நின்றான். "அது எப்படி அவங்களுக்குத் தெரியும்? மேல ஏறிப் பாத்தவங்க யாரு? நானும்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

"நான்தான் சொன்னேன்" என்றார் தராசு. "நீங்க என்னைப் போட்டுக் குடுத்துட்டீங்கன்னு நினைச்சுச் சொல்லிட்டேன். திருப்பி எடுக்கச் சொன்னேன், எடுக்க மாட்டேன்னுட்டாங்க."

தார்ப்பாயின் ஒரு முனை தரையில் அடித்துக்கொண்டே இருந்தது. மனைவி அதைக் காலால் மிதித்து அமுக்கினார், கணவரைப் பார்த்த பார்வையில் தராசுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"நாளைக்கே கொக்கி வாங்கிட்டு வந்து நானே மாட்டித் தர்றேன்" என்றார் தராசு. "செலவு என்னுது. கேமரா வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்."

தம்பி ஒவ்வொரு படியாக இறங்கினான். தோளிலிருந்த கயிற்றை எடுத்து, அவிழாமல் சுருட்டி, அண்ணியின் கையில் கொடுத்தான். "வேண்டாம்ணே. நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

தம்பி மனைவி மட்டும் நின்றாள். "அந்தப் படத்தைக் காப்பி எடுத்ததே நான்தான் மாமா" என்றாள். "பாத்ததும் உங்க கூரைன்னு தெரிஞ்சுது. நீலமா தெரியுது, எடுத்துட்டா ரேட் குறையும்னு மேல இருக்கிறவங்கள்ட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வந்தேன். அன்னைக்குக் கதவைத் தட்டினது அதைச் சொல்லத்தான்."

அவள் போன பிறகும் தராசு அங்கேயே நின்றார். மனைவி ஒற்றை ஆளாகத் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் மடித்தால் காற்று மறுபக்கத்தைப் பிரித்துவிட்டது. தராசு குனிந்து ஒரு முனையைப் பிடித்தார். மனைவி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் காற்று கூடிவிட்டது. படகுகளையெல்லாம் கரையில் ஏற்றிக் கட்டுகிற சத்தம் தெருமுனைவரை கேட்டது. இரண்டு வீட்டுக் கூரைகளும் மூடாமல் கிடந்தன. மனைவி சோறு வடித்து இறக்கி, வழக்கம்போலச் சின்னத் தட்டைக் கழுவித் துடைத்து வைத்தார். தராசு கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தன் பக்கத்துத் தாழ்ப்பாள் திறந்துதான் இருக்கிறதா என்று இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்த்தார்.

அந்தப் பக்கம் காலடிச் சத்தம் வந்து கதவருகே நின்றது. அவர் எழுந்தார்.

கதவு திறக்கவில்லை. இரும்பில் எதையோ வைத்துத் தட்டும் சத்தம் கேட்டது. தட்டி, நிறுத்தி, மறுபடி தட்டினார்கள். பெயின்ட் உதிர்ந்து கதவின் அடி இடுக்கு வழியாக இந்தப் பக்கம் சிதறியது. இன்னும் ஓங்கி ஒரு தட்டு விழுந்தது. வீடு கட்டிய நாளிலிருந்து அசையாத தம்பி பக்கத்துத் தாழ்ப்பாள் கிறீச்சென்று நகர்ந்து, துளைக்குள் போய் விழுந்தது.

மனைவி அடுக்களையிலிருந்து வந்து பார்த்தார். துடைப்பத்தை எடுத்துவந்து, உதிர்ந்து கிடந்த பெயின்டைக் கூட்டி அள்ளினார்.